ஒரே குரல், இரண்டு உடல்: ஓசூர் எல்லையிலிருந்து பி.பி.ஸ்ரீநிவாஸையும் அவரது இசையமைப்பாளர்களையும் கேட்டல்

1. கேள்வி

ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சென்னையோ 300 கிலோமீட்டருக்கும் மேல். 1956இல் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது சேலம் மாவட்டத்தோடு சென்னை மாநிலத்தில் நின்றுகொண்ட பகுதி இது. 1965இல் தருமபுரி மாவட்டத்துக்குள்ளும், 2004இல் புதிய கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள்ளும் வந்தது. ஓசூர், பாகலூர், தளி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டுமொழிகள். சூசூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அட்டிபெலே.

இந்த நிலத்தில் பி.பி.ஸ்ரீநிவாஸின் குரலுக்கு இரண்டு உடல்கள் உண்டு. தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர் அந்தக் குரலைக் கேட்டதும் ஜெமினி கணேசனை நினைக்கிறார். கன்னடப் படம் பார்த்து வளர்ந்தவர் ராஜ்குமாரை நினைக்கிறார். முதலாமவருக்கு அது காதலின், ஏக்கத்தின், மனத்தேறுதலின் குரல். இரண்டாமவருக்குப் பக்தன், உழவன், கொடையாளி, துப்பறிவாளன் என ஒரு முழு நாயகனின் குரல். தொண்டை ஒன்று, காலமும் ஒன்று, பெரும்பாலான பாடல்கள் பதிவான நகரமும் ஒன்று. அப்படியிருக்க, ஒரு மொழியில் பக்கத்து அறையில் வைக்கப்பட்ட குரல் மறுமொழியில் நடுக்கூடத்துக்கு வந்தது எப்படி? பாடகரின் இயல்பு, இசையமைப்பாளரின் கட்டமைப்பு, நடிகரின் பிம்பம் ஆகிய மூன்றில் எது இதைத் தீர்மானித்தது? இக்கட்டுரை ஆராய்வது இந்த ஒரு கேள்வியைத்தான்.

2. வழக்கிலுள்ள விளக்கங்கள்

முதல் விளக்கம் குரலின் இயல்பைச் சொல்கிறது. ஸ்ரீநிவாஸுடையது மென்குரல், கீழ்ச்சுரங்களில் நின்று பேசுவது, வீரத்துக்கும் முழக்கத்துக்கும் உரியதன்று. ஆகவே தமிழில் மென்மையான நாயகர்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது இதன் சாரம். இரண்டாவது விளக்கம் நடிகரோடு உள்ள பொருத்தத்தைச் சொல்கிறது. ராஜ்குமாரின் பேச்சுக்குரலும் ஸ்ரீநிவாஸின் பாட்டுக்குரலும் தையல் தெரியாமல் ஒட்டின. தாம் உடல், ஸ்ரீநிவாஸ் குரல் என்ற பொருளில் ராஜ்குமாரே மேடைகளில் பேசியதுண்டு. மூன்றாவது விளக்கம் தொழில்நுட்பம் சார்ந்தது. ஒலிவாங்கி வந்த பிறகு, அரங்கின் கடைசி வரிசை வரை குரலை வீச வேண்டிய தேவை போய்விட்டது. காதருகே பேசுவதுபோலப் பாடும் முறை உலகெங்கும் எழுந்தது. முகமது ரஃபியைப் பெரிதும் மதித்த ஸ்ரீநிவாஸ் அந்த அலையில் வந்தவர் என்கிறது இது.

மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் குரலின் இயல்புதான் எல்லைக் கோடு என்றால், அந்தக் கோடு கன்னடத்திலும் அதே இடத்தில் விழுந்திருக்க வேண்டும். பொருத்தம்தான் காரணம் என்றால், அந்தப் பொருத்தம் எப்படிக் கட்டப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். ஒலிவாங்கி எல்லாப் பாடகருக்கும் பொது. இம்மூன்றும் விட்டுவைத்த இடத்தில் நிற்பவர்கள், வாத்தியக் குழுவை முன்னின்று நடத்திய இசையமைப்பாளர்கள்.

3. ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லை இல்லை

காக்கிநாடாவில் 1930இல் பிறந்த ஸ்ரீநிவாஸைத் திரைக்குக் கொண்டுவந்தவர், ஜெமினி ஸ்டுடியோவில் இருந்த வீணைக் கலைஞர் ஈமனி சங்கர சாஸ்திரி. ஜெமினியின் இந்திப் படமான 'மிஸ்டர் சம்பத்'தில் (1952) தொடங்கிய அவர், அடுத்த ஆண்டே ஆர்.நாகேந்திர ராவின் 'ஜாதகம்' படத்தில் தமிழிலும், அதன் கன்னட வடிவமான 'ஜாதக பல'வில் கன்னடத்திலும் பாடினார். இசை ஆர்.கோவர்த்தனம். தமிழ் வாழ்வும் கன்னட வாழ்வும் ஒரே கதையில், ஒரே இசையமைப்பாளரிடம் அவருக்குத் தொடங்கின.

இது தற்செயல் அன்று. அக்காலக் கன்னடப் படங்களில் பெரும்பகுதி சென்னைக் கூடங்களில்தான் உருவாயின. ராஜ்குமார் நாயகனாக அறிமுகமான 'பேடர கண்ணப்ப'வுக்கு (1954) இசை, கோவர்த்தனத்தின் அண்ணன் ஆர்.சுதர்சனம். அதன் புகழ்பெற்ற சிவபக்திப் பாடலைக் கன்னடத்தில் பாடியவர் தமிழ்ப் பாடகர் சி.எஸ்.ஜெயராமன். கோவர்த்தனம் பின்னாளில் விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் உதவியாளராகப் பணியாற்றினார். வீணைக் கலைஞரான ஜி.கே.வெங்கடேஷும் அதே இரட்டையரிடம் உதவியாளராக இருந்தவர். கன்னடத்தில் ராஜ்குமார் படங்களின் முதன்மை இசையமைப்பாளராக உயர்ந்தவர். அந்த வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்துதான் இளையராஜா திரையிசையின் நடைமுறையைக் கற்றார். வயலின்காரரும் குழல்காரரும் காலையில் தமிழ்ப் பாட்டுக்கும் மாலையில் கன்னடப் பாட்டுக்கும் வாசித்த கூடங்கள் அவை. 1956இல் நிலத்தில் கிழிக்கப்பட்ட கோடு இந்தக் கூடங்களுக்குள் நுழையவில்லை.

அங்கே நடந்த வேலை முறையையும் கவனிக்க வேண்டும். 1960களில் பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில், ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள். குரலைத் தனியே எடுத்து, பிறகு ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி இல்லை. மென்குரல் ஒன்று வாத்தியங்களுக்குள் மூழ்காமல் நிற்க வேண்டுமென்றால் அதற்கான இடத்தை எழுதும்போதே ஒதுக்க வேண்டும். எந்த வாத்தியம் குரலோடு வரும், எது குரல் ஓய்ந்த பிறகு வரும், யார் ஒலிவாங்கிக்கு அருகில், யார் தள்ளி என்பதெல்லாம் இசையமைப்பாளரின் முடிவுகள். மென்குரலை நம்பிப் பாடல் அமைப்பவர், தம் குழுவை அடக்கி வாசிக்கச் செய்யும் துணிவுள்ளவராக இருந்தாக வேண்டும்.

விஸ்வநாதன்–ராமமூர்த்திக்கு அந்தத் துணிவு இருந்ததற்குச் 'சுமைதாங்கி' (1962) படத்தில் வரும் மனத்தேறுதல் பாடலே சான்று. கண்ணதாசனின் சொற்கள் கேள்விகளாகவும் ஆறுதலாகவும் நகர்கின்றன. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழுந்தாக வேண்டிய பாடல். தாளம் தணிந்து நடக்கிறது. வாத்தியங்கள் நிறைவது பெரும்பாலும் குரல் நின்ற இடைவெளிகளில்தான். பாடகர் குரலை உயர்த்த வேண்டிய கட்டாயம் எங்கும் எழவில்லை.

இதற்கு எதிரான சான்று ஒன்றையும் இங்கேயே எடுத்துக்கொள்ள வேண்டும். வாய்ப்புக் கிடைக்காமல் சென்னையை விட்டுப் புறப்படத் தீர்மானித்திருந்த கவிஞர் வாலி, தம் அறைக்கு வந்த ஸ்ரீநிவாஸ் புதிதாகப் பதிவான இந்தப் பாடலைப் பாடிக் காட்டியதைக் கேட்டுத்தான் முடிவை மாற்றிக்கொண்டதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த அறையில் வயலின் இல்லை, குழல் இல்லை. குரலும் சொல்லும் மெட்டுமே இருந்தன. ஆக, குரலின் ஆற்றலை வாத்தியக் குழு உண்டாக்கியது என்று சொல்ல முடியாது. அந்த ஆற்றலைத் தொலைக்காமல் பதிவுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்ததுதான் குழுத் தலைவர்களின் பங்கு. ஓர் அறையில் ஒருவருக்கு நிகழ்ந்த ஆறுதல், வானொலி வழியே பல்லாயிரம் பேருக்கு நிகழ அந்தப் பங்கு இன்றியமையாததாக இருந்தது.

4. இரு மொழி, இரு ஒதுக்கீடு

தமிழ்த் திரையில் 1960களின் தொடக்கத்தில் குரல்களுக்கு ஏறத்தாழ நிலையான இருக்கைகள் இருந்தன. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் டி.எம்.சௌந்தரராஜன், ஜெமினிக்கு ஸ்ரீநிவாஸ் (அதற்குமுன் ஏ.எம்.ராஜா). 'பாவமன்னிப்பு' (1961) இந்த ஏற்பாட்டை ஒரே படத்துக்குள் காட்டுகிறது. சிவாஜியின் வேதனைக்குச் சௌந்தரராஜன், ஜெமினியின் காதலுக்கு ஸ்ரீநிவாஸ். 'படித்தால் மட்டும் போதுமா' (1962) படத்தில் இரு குரல்களும் ஒரே பாடலில் மாறிமாறி வருகின்றன. இசையமைப்பாளர்கள் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தாமல் பக்கத்தில் பக்கத்தில் நடக்கவிட்டார்கள். 1965இல் இரட்டையர் பிரிந்த பிறகும், 'ராமு' (1966) படத்தில் விஸ்வநாதன் ஜெமினிக்காக ஸ்ரீநிவாஸைத்தான் அழைத்தார். தமிழில் அவர் பாடியவை காலத்தால் அழியாதவை. ஆனால் மக்களைத் திரட்டும் பாட்டு, உழைக்க அழைக்கும் பாட்டு, அரசியல் நிறம் கொண்ட பாட்டு ஆகியவை அவர் இருக்கைக்கு வெளியே இருந்தன.

கன்னடத்தில் இந்த இருக்கைகள் வேறு விதமாகப் போடப்பட்டிருந்தன. 'பக்த கனகதாச' (1960) படத்தில் எம்.வெங்கடராஜுவின் இசையில் ராஜ்குமாருக்காகப் பாடிய பிறகு, பதினான்கு ஆண்டுகளுக்கு அந்த நடிகரின் குரலாக ஸ்ரீநிவாஸே நின்றார். ராஜ்குமார் எந்த வேடம் போட்டாலும் அந்தக் குரலும் அந்த வேடத்துக்குள் போயாக வேண்டியிருந்தது. 'பங்காரத மனுஷ்ய' (1972) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நகரத்திலிருந்து கிராமத்துக்கு வந்து தரிசைத் திருத்தும் நாயகனின் கதை. பெங்களூரு ஸ்டேட்ஸ் திரையரங்கில் இரண்டாண்டு ஓடியது. கைகட்டி உட்காராதே, முயன்று பார் என்று உழைப்பை வற்புறுத்தும் அதன் பாடலை வெங்கடேஷ் ஸ்ரீநிவாஸிடம் கொடுத்தார். தமிழில் அதே வகைப் பாடல் 'விவசாயி' (1967) படத்தில் கே.வி.மகாதேவன் இசையில் சௌந்தரராஜனுக்குப் போனது. சௌந்தரராஜனிடம் உழைப்புக்கான அழைப்பு ஊர்ப் பொதுவில் நின்று விடுத்த அறைகூவலாக ஒலிக்கிறது. ஸ்ரீநிவாஸிடம் அது தோளில் கைபோட்டு ஒருவருக்கு மட்டும் சொல்லும் அறிவுரையாக வருகிறது. மென்குரல் உழவனுக்கு ஒவ்வாது என்ற கருத்து இங்கே பொய்த்துப் போகிறது.

இன்னும் கறாரான சோதனை ஒன்று உண்டு. தீப்பெட்டித் தொழிற்சாலை முதலாளியாக இருந்து, கொடுத்துக் கொடுத்தே இல்லாமற்போகும் ஒருவரின் கதை 'கஸ்தூரி நிவாஸ' (1971). எழுதியவர் தமிழ்க் கதாசிரியர் ஜி.பாலசுப்ரமணியம். இசை வெங்கடேஷ். தள்ளினாலும் சாயாத பொம்மையை முன்வைத்து வாழ்க்கையைச் சொல்லும் பாடலை ராஜ்குமாருக்காக ஸ்ரீநிவாஸ் பாடினார். அதே கதை தமிழில் சிவாஜி நடிக்க 'அவன்தான் மனிதன்' (1975) ஆனபோது இசை விஸ்வநாதன். நாயகனின் துயரத்தைப் பாடியவர் சௌந்தரராஜன். கதை ஒன்று. இசையமைப்பாளர்கள் ஒரே பட்டறையைச் சேர்ந்தவர்கள். மாறியது நடிகரும் அவரோடு வரும் குரலும்தான். ஸ்ரீநிவாஸின் குரல் இந்தக் கதையைத் தாங்காது என்று விஸ்வநாதன் கருதினார் என்பதற்கு எந்த முகாந்திரமும் இல்லை. சிவாஜி என்றால் சௌந்தரராஜன் என்று ரசிகரும் தயாரிப்பாளரும் எதிர்பார்த்தார்கள். ஒதுக்கீடு அங்கேயே முடிந்துவிட்டது.

தெலுங்கு இந்த வாதத்துக்கு மூன்றாவது சாட்சி. தெலுங்கு ஸ்ரீநிவாஸின் தாய்மொழி. அங்கே என்.டி.ராமராவுக்கும் நாகேஸ்வர ராவுக்கும் கண்டசாலா குரலாக இருந்தார். தாய்மொழியில்தான் அவருக்குக் கிடைத்த இடம் சிறியது. குரலின் இயல்போ உச்சரிப்பின் நேர்த்தியோ இடத்தைத் தீர்மானித்திருந்தால் இவ்வாறு நேர்ந்திருக்காது.

ஆயினும் இருக்கை காலியாக இருந்தது என்பது மட்டும் போதாது. அதில் உட்கார வைத்தவர் வேண்டும். வெங்கடேஷின் பங்கு இங்கே தெளிவாகிறது. 'ஜேடர பலெ' (1968) முதலான துப்பறியும் படங்களின் மேற்கத்திய வாத்திய வேகத்துக்கும், 'பங்காரத மனுஷ்ய'வின் மண் சார்ந்த மெட்டுகளுக்கும் இடையே சென்றுவந்தவர் அவர். 'சம்பத்திகே சவால்' (1974) படத்தில் ராஜ்குமாரையே பாட வைத்ததும் அவரே. அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், 'ஓகிலேஸ்வர' (1956) படத்தில் ராஜ்குமாரை முதன்முதலில் பாட வைத்ததும் அவர்தான். எந்த உடலுக்கு எந்தக் குரல் என்ற முடிவு எவ்வளவு தூரம் இசையமைப்பாளரின் கையில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1974க்குப் பிறகு ராஜ்குமார் தமக்குத் தாமே பாடும் வழக்கம் வலுப்பெற்றது. ஸ்ரீநிவாஸின் கன்னட இருக்கையும் மெல்ல மறைந்தது.

5. கடல் கடந்த ஓர் ஒப்பீடு

பாடகருக்கும் வாத்தியக் குழுத் தலைவருக்கும் உள்ள இந்த உறவு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. சொல்லை முன்னிறுத்தி, ஏறக்குறைய பேசுவதுபோல் பாடும் ஷான்சோன் மரபில் நின்றவர் பெர்லினில் பிறந்த மார்லீன் டீட்ரிச். அவர் குரலின் வீச்சு குறுகியது. 1958 முதல் சில ஆண்டுகள் அவரது மேடை இசையை நடத்தியவர் அமெரிக்கரான பர்ட் பக்கராக். பின்னாளில் இதமான மெல்லிசையின் பெரும்பெயர்களில் ஒருவரானவர். டீட்ரிச்சின் குறுகிய வீச்சை மறைக்க முயலாமல், அதைச் சுற்றி வாத்தியங்களை அடுக்கினார் அவர். குரல் பேச்சாகத் தாழும் இடத்தில் குழு ஒதுங்கியது. சொல் முடிந்த இடத்தில் எழுந்தது.

அரசியல் எல்லையும் அந்தக் கூட்டணியின் குறுக்கே வந்தது. நாஜிகளை எதிர்த்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற டீட்ரிச் 1960இல் ஜெர்மனியில் பாடச் சென்றபோது எதிர்ப்பு முழக்கங்கள் எழுந்தன. அதே ஆண்டு இஸ்ரேலில், பொதுமேடையில் ஜெர்மன் மொழி ஒலிப்பதையே பலர் விரும்பாத காலத்தில், அவர் ஜெர்மன் மொழியில் பாடினார். அவையினர் கேட்டார்கள்.

ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு. டீட்ரிச் மேடையில் தம் உடலோடு நின்றார். ஸ்ரீநிவாஸின் குரல் இன்னொருவர் உடலில் குடியேறியது. டீட்ரிச்சுக்கு வெறுப்பைக் கடக்க வேண்டியிருந்தது; ஸ்ரீநிவாஸுக்கு அந்த நிலை வரவில்லை. ஆனால் சிறிய குரல் ஒன்று பெரிய இடத்தை நிரப்பக் குழுத் தலைவரின் அடக்கம் தேவைப்படுகிறது என்ற விதி இரு இடத்திலும் ஒன்றே.

6. எல்லையோரக் காது

இனி ஓசூருக்குத் திரும்பலாம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவான பிறகு, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற ஆலைகள் தொடர்ந்து வந்தன. மதுரை, திருநெல்வேலி, சேலம், வேலூர்ப் பக்கங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் தங்கள் பாடல்களையும் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே இங்கிருந்தவர்களுக்கு, 1955 முதல் ஒலிபரப்பாகிவந்த பெங்களூரு வானொலி பக்கத்துத் தெருச் சத்தம்போல் தெளிவாகக் கேட்டது. ஆலைக்கு ஒரே பேருந்தில் போகும் இருவரில் ஒருவருக்கு ஸ்ரீநிவாஸ் என்றால் ஜெமினி, மற்றவருக்கு ராஜ்குமார். சென்னையில் இருப்பவர் முதல் பாதியை மட்டும் அறிவார். மைசூரில் இருப்பவர் இரண்டாம் பாதியை மட்டும். இரண்டையும் கேட்டு ஒப்பிடக்கூடிய காது எல்லையோரத்தில்தான் இருக்கிறது. திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுக்கள் தமிழ்ப் பாடல்களுக்கிடையே கன்னடத்தையும் தெலுங்கையும் கலந்து தருவதும் இந்தக் காதை அறிந்துதான்.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. 1991இல் காவிரி நடுவர் மன்ற ஆணையை ஒட்டி பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். தாளவாடி மலைப்பகுதியின் காஜனூரில், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்த தம் வீட்டிலிருந்து ராஜ்குமார் 2000 ஜூலை 30 அன்று வீரப்பனால் கடத்தப்பட்டு 108 நாள் காட்டில் இருந்தபோது இரு மாநிலங்களும் பதற்றத்தில் உறைந்தன. 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன. ஓசூர் எல்லையில் போக்குவரத்து நின்றது. எந்தப் பாட்டும் இவற்றைத் தடுக்கவில்லை. பாட்டு மொழிப்பகையைத் தீர்க்கும் என்று சொல்வது ஆசை, ஆய்வு ஆகாது.

சொல்ல முடிந்தது இதுதான். 2009 ஆகஸ்டில் பெங்களூரில் திருவள்ளுவர் சிலையும் சென்னையில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டதை இரு மாநிலங்களும் நல்லுறவின் அடையாளமாகக் கொண்டாடின. அந்தப் பரிமாற்றத்துக்கு அரசுகளின் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. கோவர்த்தனமும் சுதர்சனமும் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் வெங்கடேஷும் ஸ்ரீநிவாஸும் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, யாருடைய அனுமதியும் கேளாமல், அன்றாடத் தொழிலாகவே அந்தப் பரிமாற்றத்தைச் செய்துவந்தார்கள்.

7. முடிவு

எடுத்த கேள்விக்கு இவ்வாறு விடை சொல்லலாம். ஸ்ரீநிவாஸின் குரல் இரு மொழிகளில் இரு விதமாக வாழ்ந்ததற்குக் குரலின் இயல்பு முதற்காரணம் அன்று. நாயக நடிகரின் அருகே இருந்த இருக்கை யாருடையது என்பதே முதற்காரணம். அந்த இருக்கைக்குள் குரல் எவ்வளவு தூரம் விரியலாம் என்பதை, தம் குழுவை அடக்கவும் எழுப்பவும் தெரிந்த இசையமைப்பாளர்கள் தீர்மானித்தார்கள். தமிழில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி அந்தக் குரலுக்கு ஆழம் கொடுத்தார்கள். கன்னடத்தில் வெங்கடேஷ் அகலம் கொடுத்தார். இரண்டையும் சேர்த்துக் கேட்காமல் ஸ்ரீநிவாஸை மதிப்பிடுவது அரைகுறை மதிப்பீடு. மென்குரல் வீரத்துக்கு ஆகாது என்ற தமிழ்த் திரையிசை விமர்சனத்தின் பழைய தீர்ப்பைக் கைவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஸ்ரீநிவாஸ் 2013 ஏப்ரல் 14 அன்று சென்னையில் மறைந்தார்; மூன்றே நாளில், ஏப்ரல் 17 அன்று ராமமூர்த்தியும் மறைந்தார். விஸ்வநாதன் 2015இல் போனார். கூடத்தில் நடந்ததை நேரில் கண்டவர்கள் அருகிவருகிறார்கள். தமிழ்த் திரையிசை வரலாறு ஒரு பக்கமும் கன்னடத் திரையிசை வரலாறு மறுபக்கமும் தனித்தனியே எழுதப்படும் வரை இந்தக் கதையின் பாதி எப்போதும் விடுபட்டே போகும். ஓசூர், கிருஷ்ணகிரிக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகள் பெங்களூருக் கன்னடத் துறைகளோடு சேர்ந்து, எல்லையோர மெல்லிசைக் கலைஞர்களின் வாய்மொழிகளையும், வீடுகளில் கிடக்கும் இசைத்தட்டுகளையும், பாட்டுப் புத்தகங்களையும் திரட்டத் தொடங்க வேண்டும். இரு மொழியும் அறிந்த மாணவர்கள் அங்கே இருக்கிறார்கள். இந்த வேலைக்கு அவர்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை.